ஒன்பது மாடும் ஒரே வீடு

தெருவில் அவரைக் கடிகாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஐந்தே முக்காலுக்கு அவருடைய சைக்கிள் மணி கேட்டால், சுவரில் மாட்டிய கடிகாரத்தைச் சிலர் திருத்தி வைப்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் அப்படி. அடைமழையோ, காய்ச்சலோ, மகளின் பிரசவமோ, எது வந்தபோதும் பால் தவறியதில்லை. பாலில் தண்ணீர் கலந்தார் என்று ஒரு வாய் சொன்னதில்லை. யாராவது பாராட்டினால், "கடவுள் குடுத்த கை, நான் சுத்தமா வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்பார். ஆனால் தலை கொஞ்சம் நிமிரும்.

தொழுவத்தைச் சுற்றி வீடுகள் எழும்பிக்கொண்டே வந்தன. முதலில் தீவனப்புல் நிலம் போயிற்று, அப்புறம் மேய்ச்சல் திடல். கடைசியில் தொழுவமும் அதை ஒட்டிய வீடும்தான் மிச்சம். கணவருக்கு முழங்கால் விட்டுப்போனது. கொழுந்தனுக்கும் அந்த இடத்தில் பங்கு. எல்லோருமாக விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்காக அவர் அழவில்லை. "வீடில்லாதவங்க கட்டிக்கட்டும். நம்ம பால் குடிச்சு வளர்ந்த பிள்ளைங்கதானே குடி வரப்போகுது" என்றார். ஒன்றே ஒன்றுதான் மனதில் முள்ளாக இருந்தது. ஒன்பது மாடுகளும் பிரியாமல் ஒரே தொழுவத்துக்குப் போக வேண்டும்.

மாடுகளை வாங்க வந்த பண்ணைக்காரர் நல்ல மனிதர், ஆனால் கறார். எட்டு மாடுகளைத் தட்டிப் பார்த்தவர் ஒன்பதாவதைத் தொடவேயில்லை. அதற்குக் கிழவி என்று பெயர். ஒரு கொம்பு முறிந்தது. வேளைக்கு ஒரு லிட்டர் கறந்தால் பெரிசு.

"இதை வச்சு நான் என்னக்கா பண்றது?"

"தம்பி, இதைத்தான் தினம் முதல்ல கறப்பேன். இது பால் விட்டாத்தான் மத்ததெல்லாம் நிம்மதியா விடும்."

"மாடு என்னக்கா பள்ளிக்கூடப் பிள்ளையா, லீடர் வச்சு நடக்க!" என்று சிரித்தார்.

"ஒம்பதையும் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம்."

அன்று புதன். வெள்ளிக்கிழமை தொழுவத்தை இடிக்க இயந்திரம் வருகிறது. கணவர் பக்கத்தில் வந்து, "ஏம்மா, வேற ஆள் தேட நேரம் இல்ல" என்றார். கடிகாரம்மா போய் எட்டு மாடுகளின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். எட்டு மாடுகளும் லாரியில் ஏறின. லாரி தெருமுனை தாண்டும்வரை கிழவி கத்திக்கொண்டே இருந்தது. கடிகாரம்மா உள்ளே சாமி படத்தின் முன் போய் நின்று, "சாமி, நான் சொன்னது வீம்பு இல்லைன்னு நீதான் காட்டணும்" என்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் மதியம் பண்ணைக்காரர் ஒரு சின்ன வண்டியில் வந்து இறங்கினார். முகம் செத்திருந்தது.

"அக்கா, நேத்து சாயங்காலமும் சரியில்ல, இன்னிக்குக் காலையும் சரியில்ல. எட்டும் சேர்ந்து ஒரு வாளி நிறையல. உங்க கருப்பி மாடு உதைச்ச உதையில எங்க மாமியார் பால்லயே குளிச்சிட்டாங்க."

"நல்லா குளிச்சாங்களா?"

"சிரிக்காதீங்கக்கா. நான் வீட்டுக்குள்ள போகவே முடியல."

'நேத்தே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கடிகாரம்மா வாயில் வரவில்லை. கிழவியின் கயிற்றை அவிழ்த்தார், தன் பழைய வாளியையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அங்கே புதுத் தொழுவத்தில் எட்டும் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றன. கிழவியை வாசலை ஒட்டிய முதல் இடத்தில் கட்டினார். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவினார். "வாடி கண்ணு" என்று உட்கார்ந்தார். முதல் பீச்சு வாளியின் அடியில் ணங்கென்று விழுந்தது. பக்கத்தில் நின்ற கருப்பியின் காது திரும்பியது. கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த மாடுகள் ஒவ்வொன்றாக அசை போட ஆரம்பித்தன. கிழவியை முடித்துவிட்டுக் கருப்பியிடம் போனபோது, காம்பில் பால் தானே சொட்டிக்கொண்டிருந்தது.

பண்ணைக்காரர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வாளி மூன்று முறை நிறைந்த பிறகு கேட்டார்.

"அக்கா, கிழவிக்குப் பால் வத்திப்போனா?"

"வத்தினாலும் இந்த முதல் இடம் அதோடதுதான். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். சரின்னு சொல்லுங்க, கயிறு தர்றேன்."

"சரிக்கா."

"சத்தமா சொல்லுங்க தம்பி. அதுவும் கேட்கட்டும்."

"சரிக்கா!" என்றார் அவர், ஊர் கேட்கிற மாதிரி. கடிகாரம்மா கயிற்றைக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைச் சுளித்து, "மாட்டு வாசனை அடிக்குதே" என்றாள்.

"ஆமாம்மா, என் மேலதான்" என்றார் கடிகாரம்மா. "ஒம்பது மாட்டுக்காரி நான். ஒம்பதையும் ஒரே வீட்டுல குடி வச்சிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார்.