நடைபாதை ஊர்வலம்

அப்பா தன் பக்கத்து இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு, மகள் தன் பக்கத்து மூலைகளைப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய கட்டில் விரிப்பு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடிப்பவர், விடுமுறையன்று வீட்டிலும் மடித்தார். மகளுக்கு அவர் கொடுக்கும் கட்டளைகள் மூன்றே மூன்று. "இழு." "மடி." "வா." வா என்றால் விரிப்பின் நடுவில் இருவரும் சந்திக்க வேண்டும், அவள் தன் மூலைகளை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்தபோதுதான் சொன்னார்.

"சனிக்கிழமை ஊர்வலம் இருக்கும்மா."

"ஃபைல் வரட்டும்பா," என்றாள் மகள்.

அவர் தலையாட்டினார். விரிப்பை நாலாக மடித்து, தட்டி, அலமாரியில் வைத்தார். செவ்வாய்க்கிழமை காலை, சலவைக்கூடத்தின் உடைமாற்றும் அறையில், வேலைக்கான ஷூவை ஒரு காலில் மட்டும் போட்டபடி பெஞ்சில் சாய்ந்தார். அதே கட்டடத்தில் எழுபது மருத்துவர்கள் இருந்தார்கள். ஒருவர் வந்து சேர ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் உயிர் போயிருந்தது. சலவைக்கூடம் அடித்தளத்தில் இருந்தது. அங்கே போகும் வழி மருத்துவர்களுக்குத் தெரியாது.

பிழைக்க வந்த அந்த நாட்டில் இருபத்தொரு ஆண்டுகள் இருந்தவர் அவர். ஒரு போராட்டத்திலும் கலந்துகொண்டதில்லை. ஒன்றையும் தவறவிட்டதுமில்லை.

இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு கையேட்டை எடுத்துக் காட்டுவார். குடியேறுவோருக்கு அரசு அவரவர் மொழியில் இலவசமாகக் கொடுப்பது. அதில் பதினான்காம் கேள்வி: நான் போராட்டங்களில் பங்கேற்கலாமா? பதில், "ஆம். எனினும்" என்று தொடங்கும். 'ஆம்' ஒரே சொல். 'எனினும்' ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தை அப்பா சலவை இயந்திரத்தின் விளக்கப் புத்தகத்தைப் படிப்பது போலப் படித்தார். முடிவில் மூன்று தடைகளைப் பிரித்தெடுத்தார். சாலையில் இறங்கி நடப்பது. பலகை ஏந்துவது. கோஷம் போடுவது. மற்றபடி நடப்பதற்கும், பார்ப்பதற்கும், மூச்சு விடுவதற்கும் தடையில்லை.

ஆகவே ஊர்வலம் சாலையில் போகும். அப்பா நடைபாதையில் போவார். தோளில் துணிப்பை. ஊர்வலத்தின் வேகம்தான் அவர் வேகம். அது நின்றால் இவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவார். அதற்கென்றே நாடா வைத்த ஷூ ஒன்று வாங்கி வைத்திருந்தார். மற்ற நாட்களில் வெறும் செருப்புதான். கூட்டம் கோஷம் எழுப்பும் இடங்களில் இருமுவார். தாளம் தப்பாது.

"நான் எங்க போராடினேன்? கடைக்குப் போறேன். அவங்களும் அந்தப் பக்கமாத்தான் வர்றாங்க. தெரு அவங்க ஊர்த் தெரு, வேண்டாம்னு நான் சொல்ல முடியுமா?"

சாட்சிக்கு, ஊர்வலம் முடியும் இடத்தில் ஏதாவது ஒரு கடையில் நுழைந்து உப்பு வாங்குவார். உப்பு கெடாது என்பது காரணம். ரசீதில் நேரம் அச்சாகி இருக்கும் என்பது முக்கியக் காரணம். பேருந்துக் கட்டண ஊர்வலம், பள்ளிக்கூடத்தை மூடாதே ஊர்வலம், மரம் வெட்டாதே ஊர்வலம் என்று வீட்டில் பதினேழு பாக்கெட் உப்பு சேர்ந்திருந்தது. அவை எல்லாம் ஊர்க்காரர்களின் கோரிக்கைகள். உங்களுக்கு அதில் என்ன என்று மகள் ஒருமுறை கேட்டாள். பஸ்ஸில் தானும்தானே போகிறேன் என்றார்.

இது அங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவருக்குப் பிடிக்காது. ஆண்டு விழாவில், எல்லோருக்கும் கேட்கும்படி அப்பாவை நிறுத்தி வைத்துப் புத்தி சொன்னார். வந்த இடத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டும், விருந்தாளி வீட்டுக்காரனைக் குறை சொல்லலாமா, உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா என்றெல்லாம்.

"எந்த ஊர்லங்க விருந்தாளிய இருபத்தோரு வருஷம் போர்வை துவைக்க விடுவாங்க?" என்றார் அப்பா. "உப்பும் நான் காசு கொடுத்துத்தான் வாங்குறேன். வேணும்னா வீட்டுக்கு வாங்க தலைவரே, பாக்கெட் பாக்கெட்டா இருக்கு."

தலைவர் சும்மா இருந்தவர் அல்லர். தன் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் கோட்டை நகராட்சி இரண்டடி தள்ளிப் போட்டதற்காக மூன்று வருடம் கடிதம் எழுதினார். ஒருநாள் அந்தக் கோட்டின்மேலேயே நாற்காலி போட்டு, சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அது போராட்டம் இல்லை என்று அவர் விளக்கினார். அது சொந்த விஷயம்.

அப்பா மாட்டிக்கொண்டது ஒரு பூனையால்.

மருத்துவமனைகளைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ஒரு ஊர்வலம். அப்பா வழக்கம்போல நடைபாதையில். கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஒதுங்கி வந்து, ஒரு நிமிடம் பிடியுங்கள் என்று கையிலிருந்ததை அவரிடம் திணித்துவிட்டு, தன் குழந்தைக்கு மேல்சட்டை மாட்டிவிடப் போனாள். யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டி வாங்குவது சலவைக்கூடப் பழக்கம். வாங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாள் புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். மறுநாள் மூன்றாம் பக்கத்தில் அப்பா இருந்தார். துணிப்பை, நாடா கட்டிய ஷூ, திகைத்த முகம். உயர்த்திய பலகையில், 'என் பூனையும் இதை எதிர்க்கிறது' என்று எழுதியிருந்தது.

அப்போது மகளின் நிரந்தர வசிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அழுத்தமானிகளின் ஊசி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வேலை அனுமதி முடிய எட்டு மாதம்தான் இருந்தது. விண்ணப்பத்தில் வீட்டில் வசிப்போர் எல்லோரின் நடத்தையும் கணக்கில் வரும். அம்மா போன பிறகு வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். நேர்காணலில் அதிகாரி மூன்றாம் பக்கத்தை மேசைமேல் விரித்து, மிக மரியாதையாக, வீட்டில் பூனை உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். முன்பு இருந்ததா? இல்லை. அப்படியானால் பலகையிலுள்ள கூற்று பொய்யா? அது எங்கள் கூற்றே இல்லை என்றாள். அதிகாரி குறித்துக்கொண்டார். விண்ணப்பதாரரின் குடும்பத்தாருக்குப் பூனை இல்லை, அதற்குக் கருத்தும் இல்லை என்று கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றை ஒரு வாரத்துக்குள் தரச் சொன்னார். ஃபைல் மேலாய்வுக்குப் போனது.

அப்பா அந்த உறுதிமொழியைப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தார்.

"சரிம்மா. உன் ஃபைல் வர்ற வரைக்கும் நம்ம வீட்டுல உப்பு இருக்கு."

துணிப்பையை ஆணியில் மாட்டினார். அதன் பிறகு நாலு மாதம் நடைபாதைக்கே போகவில்லை. சனிக்கிழமைகளில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தார்.

இந்த நாலு மாதத்துக்குள்தான் உருளைக்காரர் விவகாரம் வந்தது.

சலவைக்கூடத்தில் ஈர விரிப்பைக் காயவைத்துத் தேய்த்துத் தள்ளும் சூடான உருளை ஒன்று உண்டு. ஒரு முனையில் விரிப்பைக் கொடுப்பவர் உருளைக்காரர். மறுமுனையில் வாங்கி மடிப்பவர் அப்பா. ஒன்பது வருடம் எதிரெதிரே நின்றவர்கள். உருளைக்காரர் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஊர் மொழியில் ஒரு முந்நூறு சொற்கள். அதை வைத்துக்கொண்டே பெண்ணெடுத்தது, பிள்ளை பெற்றது, மனைவியைப் பறிகொடுத்தது எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

அங்கே வெப்பத்தை வெளியேற்றும் விசிறி பதினோரு மாதமாக ஓடவில்லை. உருளைக்காரரும் உள்ளூர்க்காரர்கள் மூவரும் ஓய்வு நேரத்தில் பின்வாசலுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றார்கள். ஒரே ஒரு பலகை. 'காற்று வேண்டும்.' அந்த வாரமே விசிறி ஓடியது. வழக்கமான பராமரிப்பு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த வாரம் தண்டனை வந்தது. வாசலை மறித்து மருத்துவமனையின் துணி வண்டிகளைத் தடுத்ததாகக் குற்றச்சாட்டு. உள்ளூர்க்காரர் மூவருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம். உருளைக்காரருக்கு, இருபத்தெட்டு நாளில் நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு.

"நாலு பேரும் ஒரே இடத்துலதான் நின்னாங்க," என்றார் அப்பா அன்று சாப்பாட்டின்போது. "ஒருத்தன் நின்னது மட்டும் எப்படி நாடு கடத்துற அளவுக்குப் போச்சு?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு, இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று கேட்டாள். தான் எங்கேயும் வரவில்லை என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. உருளைக்காரருக்காகத்தான் அந்தச் சனிக்கிழமை ஊர்வலம். விரிப்பு மடித்தபோது அவர் சொன்னது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை அடக்கம் நடந்தது. சனிக்கிழமை மாலை சங்கத் தலைவர் துக்கம் விசாரிக்க வந்தார். எப்பேர்ப்பட்ட மனுஷன், ஒரு வம்புதும்புக்கும் போனதில்லை, இந்த நாட்டுக்கு இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும் என்று சொல்லி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அது உண்மைக் கண்ணீர்தான். மகள் அவருக்குத் தேநீர் கொடுத்தாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சலவைக்கூட மேற்பார்வையாளர் அப்பாவின் அலமாரியில் இருந்தவற்றை ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்தார். மற்றொரு ஷூ. சீப்பு. ஒரு உறை. உறைக்குள் கோடு போட்ட தாளில், அப்பாவின் குண்டுக் கையெழுத்தில், தமிழில் ஒரு வாக்குமூலம். கீழே கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

'அன்று அந்தப் பத்து நிமிடத்தில் நான் அந்த வாசல் வழியாகப் பதினொரு வண்டி தள்ளிக்கொண்டு போனேன். ஒன்றுகூட நிற்கவில்லை. நாலாவது வண்டியின் சக்கரம் பள்ளத்தில் மாட்டியது. அதைத் தூக்கிவிட்டவர் உருளைக்காரர்தான். அவர் தூக்கும்போது அவர் கையிலிருந்த பலகையை நான் பிடித்துக்கொண்டேன். தெரிந்தே பிடித்தேன்.'

முந்நூறு சொல்லில் இதை அவரால் எழுதியிருக்க முடியாது. உறையின் பின்பக்கம் இலவச வழக்கறிஞர் அலுவலகத்தின் முகவரியும், கடைசி நாள் அடுத்த வாரப் புதன் என்ற குறிப்பும் இருந்தன. அதற்குக் கீழே செய்ய வேண்டியவை. 'நகல் எடுக்க' என்று ஒன்று, டிக் அடித்திருந்தது. 'மகளிடம் மொழிபெயர்க்கக் கேட்க' என்று இன்னொன்று. அதற்கு டிக் இல்லை.

அன்றிரவே மொழிபெயர்த்தாள். பலகையைப் பிடித்த இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிடலாம். வண்டிகள் போனதும் சக்கரத்தைத் தூக்கியதும் இருந்தாலே உருளைக்காரருக்குப் போதும். அந்த இரண்டு வாக்கியங்களால் அவருக்கு எந்த லாபமும் இல்லை, ஃபைலுக்குத்தான் கேடு. ஊசி எதைக் காட்டுகிறதோ அதை எழுதுவது அவள் தொழில். காட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்பதை எழுதினால் வேலை போய்விடும். இரண்டு வாக்கியங்களையும் விடாமல் எழுதினாள். 'தெரிந்தே' என்ற சொல்லுக்கு அந்த ஊர் மொழியில் மூன்று சொற்கள் இருந்தன. மிகத் தெளிவானதைப் போட்டாள்.

புதன்கிழமை மதியம் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனாள். ஒரு துணிக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். எழுத்தர் இரண்டு தாள்களையும் வாங்கி, மொழிபெயர்ப்பைப் படித்தார். கடைசி வரியை இரண்டாம் முறையும் படித்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழிப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். பெயர், முகவரி, சாட்சியுடன் உறவு. உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். கடைசியில், குடிமக்கள் அல்லாதோர் தங்கள் வசிப்பு ஃபைல் எண்ணைக் குறிப்பிடவும் என்று ஒரு வரிசைக் கட்டங்கள். எழுத்தர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, அதை மட்டும் காலியாக விட்டாலும் பெற்றுக்கொள்வார்கள், நிறையப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள் என்றார்.

மகள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பதினொரு இலக்கம். கட்டத்துக்கு ஒன்றாக எழுதி, ஒருமுறை விரல் வைத்துச் சரிபார்த்து, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.