தங்கச்சி மேல் வந்த ஆத்தா

ஆஸ்பத்திரி அறையில் டாக்டரம்மா, என் மகள், அவள் மடியில் பேத்தி, கதவோரம் நான். தெருவில் ஆடித் திருவிழாப் பம்பைச் சத்தம் கிளம்பியதும் பேத்தி காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"அடம் இல்லீங்க. அந்தச் சத்தம் அவளுக்கு வலி," என்றார் டாக்டரம்மா.

நான் சிறுவனாக இருந்தபோது காலடிப்பேட்டையில் என் ஐந்து வயதுத் தங்கச்சியும் பம்பை கேட்டு இப்படித்தான் அலறினாள்.

"ஆத்தா வந்துகீறா! காதாண்ட போய் அடி நைனா," என்றாள் அத்தை. பம்பைக்காரர் நெருங்கி அடித்தார்.

"காத மூடினா ஆத்தா எப்டி பேசுவா? கைய புட்ச்சிக்கோடா," என்றார் அப்பா. நான் அவள் கைகளைப் பின்னால் இழுத்துப் பிடித்தேன்.

அவள் நின்றபடியே மூத்திரம் போனாள். "எம் புள்ளைக்கு வேல கெடைக்குமா தாயே?" என்று ஒருத்தி கும்பிட்டுக் கேட்டாள்.

அதன்பின் ஒவ்வோர் ஆடிக்கும் அவளுக்கு மஞ்சள் பாவாடை கட்டி நிறுத்தினார்கள். கையைப் பிடித்தது நான்தான். மொத்தம் ஏழு ஆடி.