வாசலில் நின்ற மாட்டு லாரி

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. சின்னசேலத்துக்கு அப்பால் சேலம் சாலையோரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. கேரளாவுக்கு அடிமாடு ஏற்றிப்போன லாரி ஒன்று, முன்னே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் எங்கள் வாசலுக்கு நேரே நின்றுவிட்டது.

முதல் நாள் கத்தல் மட்டும் கேட்டது. மறுநாள் நாற்றம் வந்தது. பலகை இடுக்கில் சாணமும் மூத்திரமும் ஒழுகித் தார்ச்சாலையில் காய்ந்து, ஈ கறுப்பாக அப்பிக் கிடந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறக்கிய குட்டை மாடுகளும் எங்கள் பக்கத்துக் கிழட்டு உழவுமாடுகளும் நெருக்கியடித்து நின்றன. படுத்துவிடக் கூடாதென்று கண்ணில் மிளகாய் தேய்த்திருந்தார்கள். கண்ணெல்லாம் வீங்கிச் சீழ் வடிந்தது.

டிரைவர் வந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. காலைலேர்ந்து கேட்டுக்கினு இருக்கேன், யாரும் குடுக்கல" என்றார்.

குடத்தோடு போனேன். ஓரத்தில் இடது கொம்பு வளைந்த செவலை நின்றது. போன வாரச் சந்தையில் மாமனார் விற்ற எங்கள் மாடு. உள்ளே ஓடினேன்.

"மாமா, நம்ம செவல லாரில நிக்குதுங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்மளுது இல்ல. நம்ம மாடு ஏரோட்டத்தான் போயிருக்குது."

"கொம்பப் பாத்தேங்க மாமா."

"இன்னா பாத்த? திரும்ப ஓட்டிக்கினு வந்து வூட்டுல கட்டிட்டா, யாரு தீனி போடறது?"

கறிக்கு விற்பதில் எனக்கு அருவருப்பில்லை. ஓய்ந்த மாட்டையும் வறண்ட பசுவையும் கறி விலைக்குத் தள்ளாமல் எங்கள் ஊரில் யாரும் புது ஜோடி வாங்கியதில்லை. உரமும் விதையும்கூட அந்தக் காசில்தான் வந்தன. ஆனால் ஒரு வீட்டிலும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நானும் டிரைவரும் கிணற்றுக்கும் லாரிக்குமாக நடந்தோம். செவலை குடித்தது. மலை மாடு ஒன்று குடிக்காமலே செத்தது. அதை இழுத்துப்போக ஊர்ப் பெரியவர்கள் காலனி ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் கயிறு கட்டி இழுத்தபோது மாமனார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவனுங்க இதயும் துன்னுவானுங்க" என்று காறித் துப்பினார். பிறகு கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோறு போடும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மாட்டை நினைத்து அல்ல.

மரங்களை அகற்றியதும் லாரி போய்விட்டது. அடுத்த சந்தையில் மாமனார் புதுக் காளைகள் இரண்டு ஓட்டிவந்தார். நெற்றியில் குங்குமம் வைத்து, ஆரத்தி எடுக்கச் சொன்னார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்களே சுத்திக்குங்க மாமா" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்த வீட்டில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.