மூன்று தாள்களிலும் ஒரே பதில்

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மார்கிரட் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகள் பதினாறு வருடங்களாக அவள் பொறுப்பு. ஒன்றைக்கூட அவள் அடித்ததில்லை. அதனால்தான் 1986இல் கண்டியிலிருந்து வந்த ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகக் கேள்வி கேட்க அவளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வருடம் இந்த வீட்டில் பிள்ளை எத்தனை தடவை அடி வாங்கியது? தகப்பன், தாய், பிள்ளை மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டு மூன்று தாள்களில் எழுத வேண்டும். ஒரே அறையில் குடும்பமே வாழும் லயத்தில் எதைத் தனியாகக் கேட்பது?

"அடிக்கிறதே இல்லீங்க மார்கிரட்டம்மா. கொழுந்து மாதிரி வச்சிருக்கேன்" என்றான் அவள் கேட்கப் போன முதல் வீட்டு வீரபத்திரன்.

"ஆமா, கொழுந்து மாதிரிதான். தெனமும் கிள்ளுறாரு" என்றாள் உள்ளேயிருந்து அவன் மனைவி.

மார்கிரட் சிரிக்கவில்லை. இவர்களும் மனிதர்களா என்று நினைத்தாள்.

அவள் வீட்டில் கேட்க வந்தவர் தோட்டப் பள்ளிக்கூடத்து இக்னேசியஸ் மாஸ்டர். "ஒரு தடவகூட இல்லீங்க" என்றாள். குரல் தடுமாறவில்லை. அந்த வாரம்கூட மகள் சுகிர்தத்தை அகப்பையால் அடித்திருந்தாள்.

தாள்களை அடுக்கியபோது நாற்பது வீடுகளில் ஒரு வீட்டில் மட்டுமே மூன்று பதில்களும் ஒத்திருந்தன. புருஷன் அலோசியஸ், மார்கிரட், சுகிர்தம். பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

"ஒங்க வீட்டப் பாத்துத்தான் மத்தவங்க படிக்கணும்" என்றார் மாஸ்டர்.

புருஷன் மறைத்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அன்று மாலை கேட்டாள். "மாஸ்டர்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

சுகிர்தம் சுவரோடு ஒட்டி நின்றாள். "நீங்க என்ன சொன்னீங்களோ தெரியல. அதான் இல்லன்னுட்டேன்."

"நெசத்தச் சொல்லு. எத்தன?"

"கையாலயா, அகப்பையாலயா?"

"ரெண்டும்."

பிள்ளை விரல் மடக்கினாள். வாளி கவிழ்ந்த நாள். சோறு அடிப்பிடித்த நாள். பூசைக்குப் புறப்பட்ட ஒரு ஞாயிறு, காரணம் நினைவில்லை. இடையிடையே தாயின் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மார்கிரட் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"என் தாள மாத்தணுங்க மாஸ்டர்."

"எத்தன போட?"

"இருபது."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சரியா எண்ணினீங்களா?"

"இல்லீங்க. பிள்ள இருபதோட நிறுத்திட்டா."