ஸ்பேசரை யாருக்கு வெட்டுவது

இரண்டு பைப் துண்டுகளையும் வெட்டி, விளிம்பைத் தேய்த்து வைத்த பிறகுதான் தெரிந்தது, தவறான ஆளின் எடைக்கு வெட்டியிருக்கிறேன் என்று.

ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு மோட்டார் வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். பாலிடெக்னிக்கில் படித்ததை எல்லாம் ஒரே வண்டியில் செய்து பார்த்துவிடத் துடிக்கிறவள். அதனால் செல்வம் அண்ணன் தன் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை லோரியில் ஏற்றி வந்து, "முன் ஃபோர்க்க நல்லா பண்ணிக் குடு தங்கச்சி" என்றதுமே ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

புது ஸ்பிரிங், கெட்டியான ஃபோர்க் ஆயில், புது சீல். முன் சக்கரத்தின் இருபுறமும் அதிர்வை வாங்கும் அந்தப் பழைய ஃபோர்க் குழாய்களில் திருகிச் சரிசெய்யும் வசதி கிடையாது. ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் பைப் துண்டுதான், அதாவது ஸ்பேசர்தான், ஸ்பிரிங் எவ்வளவு அழுந்தியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும். ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்ப அதை வெட்ட வேண்டும். அண்ணன் நல்ல கனம். பக்கவாதத்தில் அவருடைய இடது கை, கிளச் பிடிக்கும் கை, தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். தேறிவிடுவார், அவரே ஓட்டுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணன் தன் மனைவி மேரி அக்காவோடு வந்தார்.

"ஏறுங்கண்ணே, எவ்வளவு இறங்குதுன்னு அளக்கணும்."

"நான் பின்னாலதான். மேரி, நீ முன்னால ஏறு."

"என்ன விளையாட்டு இது? வித்துடலாம்னுதானே பேசினோம்?"

"ரிப்பேர் பண்ணிட்டுப் பேசலாம்னு சொன்னேன். உன் லைசென்ஸே கிளச் வண்டில எடுத்ததுதானே?"

"எனக்கு கிளச் இல்லாத என் கப்சாய் வண்டியே போதும்லா. இது பிரேக் புடிச்சா முன்னால அப்படியே குனியும். இத்தன வருஷமா என் மூக்கு இவர் முதுகுலதான் இடிச்சுது, தங்கச்சி."

"அதுக்குத்தான் ஃபோர்க்கு. குனியலன்னா நானும் ஓட்டுவேன்னு சொன்னியே."

"அது எப்பவோ சொன்னது."

"எனக்கு மறக்கலையே." பிறகு என்னிடம் திரும்பினார். "வருஷா வருஷம் இதுலதான் மெர்சிங் கடற்கரைக்குப் போவோம். போன தடவ பஸ்ல போனோம். பஸ்ல போன மாதிரிதான் இருந்துச்சு."

மேரி அக்கா ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். "ஒரே தடவ ஓட்டிப் பாப்பேன். குனிஞ்சுச்சுன்னா வித்துடணும். சரியா?"

அண்ணன் தலையாட்டினார். அக்கா அண்ணனில் பாதிகூட இல்லை. நான் வெட்டியிருந்த ஸ்பேசர் அவருக்கு நீளம்; ஸ்பிரிங் விறைப்பாக நின்று, ஒவ்வொரு பள்ளமும் அவருடைய மணிக்கட்டில்தான் அடிக்கும். இருவரையும் ஏறி உட்காரச் சொன்னேன். ஃபோர்க்கில் கட்டிய கேபிள் டை எவ்வளவு நகர்கிறது என்று அளந்தேன். கழற்றினேன், வெட்டினேன், மறுபடி ஏறச் சொன்னேன்.

"ஜிம்முக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

கடைசியில் அளவு சரியாக வந்தது. அண்ணன் பின்னால் இருக்க, அக்கா சந்து முனைவரை போய்த் திரும்பி, என் முன்னால் வந்து பிரேக் பிடித்தார். முன்பக்கம் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது.

"குனியல" என்றார் அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் முதுகுல என் மூக்கு இடிக்கவே வழியில்லையே" என்றார் அண்ணன். "கொஞ்சம் லூசாக்கலாமா, தங்கச்சி?"

"ஒண்ணும் வேணாம். ஒழுங்கா புடிச்சுக்குங்க."

அக்கா கையைப் பின்னால் நீட்டி, அவருடைய இடது கையைத் தேடி எடுத்துத் தன் ஜாக்கெட் பைக்குள் வைத்தார். ஜிப்பை அவர் மணிக்கட்டுவரை இழுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் வண்டியைத் தொடும் முன், முன்னால் யார், பின்னால் யார் என்று கேட்டுவிடுகிறேன். என் அவசரம் போய்விடவில்லை. அவர்கள் ஏறி உட்காரும்வரை ரம்பத்தை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.