அக்கா கடையை மறைத்த வரி

அவனுக்கு ஒரு வேலையிலும் கால் தரித்ததில்லை. ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தான், சரக்கு வேன் ஓட்டினான், வாஷிங் மெஷின் பழுது பார்த்தான். நடுவில் கிதார் பைத்தியம் பிடித்தது. அது தெளிந்ததும் பறவைகளைப் படமெடுக்கும் பைத்தியம். வீட்டில் அவனுக்கு ஆல்ரவுண்டர் என்று பெயர். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள், கிண்டல்தான்.

கடைசியில் இணையதள வேலையில்தான் நிலைத்தான். எந்தத் தளத்தைப் பார்த்தாலும் பின்னாலிருக்கும் நிரலைத் திறந்து, இதை எடுத்தால் எது காணாமல் போகிறது என்று நோண்டி நோண்டியே கற்றுக்கொண்டான். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கர்வம் இருக்கிறதே, அப்பப்பா! பட்டம் வாங்கியவர்களைப் பார்த்தால் அவனுக்கு வாயோரம் ஒரு சிரிப்பு வரும்.

அவன் முதன்முதலில் செய்த தளம் அக்காவுடையது. ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள் அக்கா. சும்மா சொல்லக்கூடாது, தளம் அழகாகத்தான் இருந்தது. எழுத்தின் மேல் விரல் வைத்தால் திரை விலகி ஜன்னல் தெரியும். அதன் முகவரியை அனுப்பி வைத்துத்தான் அவன் மற்ற வாடிக்கையாளர்களையெல்லாம் பிடித்தான்.

அக்காவுக்குத்தான் ஒருவரும் வரவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து வருகிற நாலு பேர்தான். பக்கத்துத் தெருவில் பெரிய கடை வந்ததும் அந்த நாலும் இரண்டானது. தளத்தைத் தேடினால் கிடைக்கவில்லையாமே என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதெல்லாம் ஒழுங்காகத் தேடத் தெரியாதவர்கள் சொல்வது என்று அடித்துப் பேசினான். அவன் தேடியே பார்த்ததில்லை. முகவரிதான் தலைகீழாகத் தெரியுமே! அதோடு விட்டானா? பூப்போட்ட துணியையெல்லாம் இன்று யார் வாங்குகிறார்கள், உன் துணியும் தையலும் பழைய மோஸ்தர் என்று வேறு அள்ளிவிட்டான். அக்கா பூத்துணியை நிறுத்தினாள். சாம்பல் நிறம் தைத்தாள். அதுவும் போகவில்லை.

இப்போது கடையை மூடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர ஒத்துக்கொண்டுவிட்டாள். தளத்தையும் எடுத்துவிடச் சொல்லி அவனுக்குப் போன் செய்தாள்.

எடுப்பதற்காக நிரலைத் திறந்தான். உச்சியிலேயே அந்த வரி இருந்தது. தளம் பாதி வேலையில் இருக்கும்போது, தேடுகிறவர்கள் கண்ணில் அது படவே கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் வரி. வேலை முடிந்ததும் முதல் காரியமாக அதை அழிக்க வேண்டும். அவன் திரை விலகுகிற அழகில் மயங்கி அதை மறந்துபோயிருந்தான். கடையைத் தேடி வந்தவர்களையெல்லாம் இத்தனை வருடமும் வாசலிலேயே நின்று திருப்பி அனுப்பியவன் அவன்தான்.

காது மடல் சுட்டது. அறையில் ஒருவரும் இல்லை, இருந்தும் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தளத்தையே எடுத்துவிட்டால் அந்த வரியும் அதோடு போய்விடும். ஈ காக்கைக்குத் தெரியாது. அக்காதான் எடுக்கச் சொல்லியிருக்கிறாள், ஒரு பொத்தான், அவ்வளவுதான். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டான். கணினியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

கடையில் அலமாரிகள் காலியாக இருந்தன. தையல் மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வாங்கியவர் காலையிலேயே வந்து எடுத்துப் போயிருந்தார். அக்கா துண்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் நின்றபடியே சொல்லி முடித்தான். அக்காவுக்குப் பாதி புரியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். வரியை விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னான்.

"உன் கடையை யாருக்கும் தெரியாம நான்தான் மறைச்சு வச்சிருந்தேன்க்கா."

நாலு திட்டு திட்டுவாள், கையிலிருப்பதைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தான். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மூட்டையின் முடிச்சை விட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ என் தையல்ல குத்தமில்லையாடா?"

"இல்லக்கா."

மூட்டையைத் துழாவி ஒரு துண்டை உருவினாள். பூப்போட்ட துணி. மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"இது எனக்கு ரொம்பப் புடிக்கும்டா. நீ விவரம் தெரிஞ்சவன், நீ சொன்னா சரியா இருக்கும்னுதான் விட்டேன்."