நெல்லுக்குள் வைத்த போத்தல்

கச்சிமுகம்மது கல்முனையில் நெல் வாங்கி விற்றவர். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் எண்பத்தைந்தாம் ஆண்டு மார்கழியில், ஒரு ஷாம்பேன் போத்தல் கெட்டுப்போயிருக்குமோ என்று சோறு தண்ணி இறங்காமல் அலைந்தார்.

போத்தல் அவருடைய கூட்டாளி சவிரிமுத்துவினுடையது. சவிரிமுத்து தேவாலயத்தில் ஒரு பிரெஞ்சுப் பாதருக்குச் சமைத்தவர். பாதரின் தம்பி பிரான்சில் சின்னக் கமக்காரன். வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஒரே துண்டுத் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்த மது அது. தம்பியும் போய், பாதரும் போய், மிஞ்சியது இந்த ஒன்றுதான். இருபது வருடத்துக்கு மேலாகச் சவிரிமுத்து அதைத் தண்ணீர்க் குடத்தின் கீழே ஈரமணலில் சூடு படாமல் படுக்கவைத்துக் காத்தார்.

அந்த வருடம் சித்திரையில் தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டுபட்டது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்களை ஒருவர் கூரைக்கு ஒருவர் தீ வைக்க ஏவிவிட்டவர்கள் இருந்தார்களே, அவர்களுடைய கூரை ஒன்றும் எரியவில்லை. எரிந்தது சவிரிமுத்துவின் வீடு. ஓடுகிற ஓட்டத்தில் அவர் போத்தலைக் கச்சிமுகம்மதுவின் கையில் திணித்தார்.

"உங்கட ஆக்கள் சொல்ற சொல்லுத்தான் மச்சான். அமானிதம்."

நம்பி ஒப்படைத்த பொருள். மறுக்க முடியுமா? யார் கண்ணிலும் படக் கூடாதென்ற ஒரே பதற்றத்தில் கச்சிமுகம்மது அதை நெற்குவியலுக்குள் புதைத்தார். மார்கழியில் சவிரிமுத்து திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அதை எடுக்கக் கையை விட்டபோதுதான் தெரிந்தது. உள்ளே வெதுவெதுவென்று சூடு.

"மாங்காய் பழுக்க நான் அதுக்குள்ளதானே புதைக்கிற," என்றாள் மனைவி ஆயிஷா உம்மா. "நெல்லு யாவாரிக்கு நெல்லு சுடும் எண்டு தெரியாதா?"

போத்தலைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி, பள்ளிவாசல் வீதியை விட்டுச் சுற்றுவழியாக மிதித்தார்.

எரிந்த வளவில் புதுத் தென்னோலைக் கிடுகுக் கொட்டில். வாசலில் சவிரிமுத்துவின் மனைவி இமக்குலேற். கச்சிமுகம்மது அவளுக்கு அண்ணன் முறை.

"வாங்க காக்கா. தையல் மெசினை எரிய விட்டுட்டுப் போத்தலைத் தூக்கிட்டு ஓடின மனிசன் உள்ளுக்குத்தான் இருக்கார்."

கச்சிமுகம்மது மறைக்கவில்லை. "மச்சான், மாங்காய் மாதிரிப் பழுக்க வச்சிட்டன்."

சவிரிமுத்து அடைப்பானைத் திருகினார். வெடிக்கவில்லை, மெல்லப் பெருமூச்சு விட்டது. கிளாசில் தேன் நிறம். ஒன்றிரண்டு குமிழி எழுந்தது. அவர் முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார்.

"எப்பிடி மச்சான்?"

"நல்லா இருக்கு."

"எனக்காகச் சொல்லாத மச்சான்."

"முந்திப் பாதர் தரக்குள்ள எலுமிச்சம் புளிப்பு. இப்ப பேக்கரியில சுட்ட பாண் மணம், வறுத்த கச்சான் கடலை..."

முதிர்ந்த மணமா, சூட்டில் கெட்ட மணமா? குடித்தறியாத கச்சிமுகம்மதுவுக்கு எப்படித் தெரியும்? சவிரிமுத்து நல்ல மனிதர். நண்பனுக்காகக் காடியைக் கூடப் புகழ்வார்.

இமக்குலேற் கிளாசைப் பிடுங்கி ஒரு மிடறு குடித்தாள். "த்தூ! இந்தப் புளிச்ச தண்ணிக்கா இவ்வளவு பாடு?" மிச்சத்தை முருங்கையடியில் ஊற்றக் கையை ஓங்கினாள்.

"ஊத்தாதடி!" சவிரிமுத்து பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கிளாசை வாங்கி அண்ணாந்து குடித்தார். தன் புறங்கையில் சிந்திய துளியையும் நக்கினார்.

கச்சிமுகம்மது சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி," என்றார், "சோறு ஏதும் இருந்தா கொஞ்சம் தாங்க."